எச்.ஐ.வி. மாத்திரை ஈரலைக் கெடுக்கிறதா? நிறுத்திப் பார்க்கலாமா?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். வயது 45. ஒன்பது வருடமாக எச்.ஐ.வி. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்கள். கடைசி மூன்று வருடமாக டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத நிலையிலேயே இருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் எடை ஒன்பது கிலோ கூடியிருக்கிறது. வார இறுதியில் மட்டும் குடிப்பீர்கள். இந்த முறை ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 81, எஸ்.ஜி.ஓ.டி. 48, தட்டணுக்கள் இரண்டு லட்சம். "இத்தனை வருட மாத்திரை என் ஈரலைத் தின்றுவிட்டதா? ஆறு மாதம் நிறுத்தி ஈரலுக்கு ஓய்வு கொடுக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். புதிதாகப் பார்க்கப்போகும் ஈரல் மருத்துவரிடம் எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டுமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டது மாத்திரையைப் பற்றி. உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: எச்.ஐ.வி.யிடம் தப்பித்து வந்த என்னை ஈரல் கொண்டுபோய்விடுமா என்பது. எச்.ஐ.வி. சிகிச்சையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களைத் தொட்டுப் பார்க்காமல், முழு ரிப்போர்ட்டையும் படிக்காமல், உங்களுக்கு வந்திருப்பது இதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. எதைத் தேட வேண்டும், எதை முதலில் தேட வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதைச் சொல்ல முடியும்.

செய்யவே கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். "ஓய்வு" என்ற யோசனை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஒரு காலத்தில் மருத்துவர்களே அதை நம்பி, முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள். ஸ்மார்ட் என்ற ஆய்வில் 5,472 பேர் சேர்ந்தார்கள். பாதிப்பேர் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டார்கள். மீதிப்பேர் சிடி4 (எதிர்ப்புச்சக்தி அணுக்களின் எண்ணிக்கை) நன்றாக இருக்கும்போது நிறுத்தி, 250க்குக் கீழே இறங்கும்போது மறுபடி தொடங்கினார்கள். 2006இல் முடிவு வெளியானது. நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர்களுக்குச் சந்தர்ப்பவாதத் தொற்றோ (எதிர்ப்புச்சக்தி குறையும்போது வரும் தொற்று) மரணமோ வரும் ஆபத்து 2.6 மடங்காக இருந்தது. இதயம், சிறுநீரகம், ஈரல் இந்த மூன்றிலும் வரும் கடுமையான நோய்களைச் சேர்த்து எண்ணிப் பார்த்தால் அதுவும் 1.7 மடங்கு. மாத்திரையின் பக்க விளைவிலிருந்து காப்பாற்றலாம் என்று நினைத்த உறுப்புகளுக்கே ஓய்வு கெடுதல் செய்தது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அது ஏன் என்றும் ஓரளவு தெரியும். எச்.ஐ.வி. முதலில் பெருமளவில் அழிப்பது குடலின் சுவரில் இருக்கும் சிடி4 அணுக்களை. காவல் குறைந்த குடல்சுவர் வழியாகப் பாக்டீரியாவின் துணுக்குகள் கசிந்து, குடலிலிருந்து நேராக ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கலக்கின்றன. ஈரலில் அவை மூட்டும் அழற்சி மெல்ல மெல்லத் தழும்பாக மாறுகிறது. வைரஸை அடக்கி வைத்தால் இது குறையும், முழுவதும் நின்றுவிடாது. ஆக, மாத்திரை உங்கள் ஈரலுக்குக் காவலும்கூட.

சரி, 81 என்றால் என்ன? எஸ்.ஜி.பி.டி. என்பது ஈரல் அணுவுக்குள் இருக்கும் ஒரு நொதி. அணு அடிபட்டால் ரத்தத்தில் கசியும். பெரும்பாலான ஆய்வகங்கள் 40ஐ ஒட்டி எல்லை போடுகின்றன. அந்தக் கணக்கில் உங்களுடையது இரண்டு மடங்கு, அதாவது லேசான உயர்வு. ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இந்த எண் சொல்வதில்லை. எவ்வளவு தழும்பு இருக்கிறது என்பதையும் சொல்வதில்லை. முற்றிய சிரோசிஸ் (தழும்பால் ஈரல் இறுகிப்போன நிலை) உள்ளவருக்கு இது 30 என்று வந்து பார்த்திருக்கிறேன். மாரத்தான் ஓடிய மறுநாள் 90 வந்தவரையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், அது இறங்கிவிட்டால் நிம்மதியாகிவிடவும் வேண்டாம். கடுமையான உடற்பயிற்சி இல்லாத நாட்களில், மதுவைத் தொடாமல், சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

"மாத்திரை ஈரலைக் கெடுக்கும்" என்ற பயம் காற்றில் வந்ததல்ல, அதற்கு வரலாறு இருக்கிறது. பழைய மருந்துகளான ஸ்டாவுடின், டிடனோசின் இரண்டும் அணுக்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்தன. ஈரலில் கொழுப்பு சேர்ந்தது, சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி உயிரே போனது. டிடனோசினை நெடுநாள் சாப்பிட்ட சிலருக்கு, சிரோசிஸ் இல்லாமலே ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியது. நெவிராபின் இன்னொரு வகை. முதல் ஆறு வாரத்தில் காய்ச்சல், தோல் தடிப்போடு கடுமையான ஈரல் அழற்சி வரலாம். அதுவும் சிடி4 250க்கு மேல் இருந்த பெண்களுக்கும் 400க்கு மேல் இருந்த ஆண்களுக்கும் அதிகம் வந்தது. எதிர்ப்புச்சக்தி நன்றாக இருந்தவர்களையே அது தாக்கியதால் தொடக்கத்தில் நாங்கள் குழம்பினோம். எஃபாவிரன்ஸ் மாதக்கணக்கு கழிந்த பிறகும் சிலருக்கு ஈரலைத் தொடும். நீங்கள் முதல் ஆறு வருடம் சாப்பிட்டது எதுவென்று எழுதவில்லை. ஸ்டாவுடினோ டிடனோசினோ இருந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இப்போது சாப்பிடும் மூன்றைப் பொறுத்தவரை, டோலுடெக்ராவிரால் நேரடியாக ஈரல் பாதிப்பு வருவது அரிது. வந்தாலும் பெரும்பாலும் தொடங்கிய சில மாதங்களுக்குள் வரும். மூன்று வருடம் அமைதியாக இருந்துவிட்டு இப்போது திடீரென்று அதுதான் காரணம் என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை. இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். அட்டாசனாவிர் சாப்பிடும் சிலருக்குக் கண் மஞ்சளாகும், பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ரத்தத்தில் ஏறும். அது ஈரல் கெட்டதால் வருவதல்ல. பிலிருபினை வெளியேற்றத் தயார் செய்யும் ஒரு நொதியை அந்த மருந்து தடுப்பதால் வருவது.

இனி, இந்தப் பதிலில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஈரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெப்பாடிடிஸ் பி உங்களுக்கு இருக்கிறதா என்று தெரியுமா? உங்கள் கேள்வியில் அது எங்குமே இல்லை. எச்.ஐ.வி. பரவும் அதே வழிகளில்தான், ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று, ஹெப்பாடிடிஸ் பி வைரஸும் பரவுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் ஏறத்தாழ 7.4 சதவீதம் பேருக்கு நாள்பட்ட ஹெப்பாடிடிஸ் பி-யும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஈரலில் தழும்பு விழும் வேகமும் புற்றுநோய் ஆபத்தும் கூடும். உங்கள் மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் ஹெப்பாடிடிஸ் பி-யையும் அடக்குபவை. அதாவது ஒருவருக்கு இந்த நோய் இருப்பதே தெரியாமல், எச்.ஐ.வி.க்குச் சாப்பிடும் மாத்திரையே அதையும் வருடக்கணக்காக அடக்கி வைத்திருக்கலாம். அடக்கும், ஒழிக்காது. ஈரல் அணுவின் உட்கருவுக்குள் அந்த வைரஸ் தன் அச்சுப்பிரதியை வைத்திருக்கிறது, மாத்திரை அதுவரை போவதில்லை. மாத்திரையை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ வைரஸ் பொங்கி எழும். எதிர்ப்புச்சக்தி நன்றாக இருப்பவருக்கு அந்த மோதல் ஈரல் செயலிழப்பு வரைக்கும் போகலாம்.

நான் தொழிலுக்கு வந்த தொடக்க வருடங்களில் ஒருவர் இப்படித்தான் வந்தார். ஈரலுக்கு ஓய்வு என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்தியிருந்தார். மூன்றாவது மாதம் கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கி வந்து சேர்ந்தார். அதற்கு முன்னால் அவரைப் பார்த்த நாங்கள் யாரும் ஹெப்பாடிடிஸ் பி சோதனை செய்திருக்கவில்லை. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து, புதிதாக வரும் எவருடைய கோப்பிலும் நான் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.

கேட்க வேண்டிய சோதனைகள் மூன்று: எச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி எச்.பி.எஸ்., ஆன்டி எச்.பி.சி. முதலாவது பாசிட்டிவ் என்றால் நோய் இப்போது உடலில் இருக்கிறது. இரண்டாவது மட்டும் பாசிட்டிவ் என்றால் தடுப்பூசியால் வந்த பாதுகாப்பு. மூன்றாவது பாசிட்டிவ் என்றால் எப்போதோ தொற்று வந்திருக்கிறது. மூன்றாவது மட்டும் தனியாகப் பாசிட்டிவ் என்று வருவது எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அடிக்கடி நடக்கும். அப்போது வைரஸின் டி.என்.ஏ.வையும் தேடுவது நல்லது. மூன்றுமே நெகட்டிவ் என்றால் தடுப்பூசி போடுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சாதாரண தடுப்பூசி எல்லோருக்கும் பிடிப்பதில்லை. அதனால் கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி எச்.பி.எஸ். அளவு 10க்கு மேல் வந்ததா என்று பாருங்கள். முன்பு போட்டும் பிடிக்காதவர்களுக்கு ஹெப்லிசாவ்-பி என்ற புதிய வகையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வெளியானது. அதை மூன்று முறை போட்டபோது ஏறக்குறைய எல்லோருக்கும் பாதுகாப்பு வந்தது. பழைய வகையில் பத்தில் எட்டுப் பேருக்கு வந்தது.

இந்தச் சோதனை இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். எச்.ஐ.வி. சிகிச்சை இப்போது சுருங்கிக்கொண்டே வருகிறது. டோலுடெக்ராவிரோடு லாமிவுடின் மட்டும், டோலுடெக்ராவிரோடு ரில்பிவிரின், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கேபோடெக்ராவிர்-ரில்பிவிரின் ஊசி என்று வசதியான வழிகள் வந்துவிட்டன. எச்.ஐ.வி.க்கு அவை நல்லவை. ஹெப்பாடிடிஸ் பி இருப்பவருக்கு அவை பள்ளம். பின்னிரண்டில் அந்த வைரஸைத் தொடும் மருந்தே கிடையாது. முதலாவதில் லாமிவுடின் மட்டும் தனியாக நிற்கும். தனியாக நின்றால் நான்கு வருடத்துக்குள் பத்தில் ஒன்பது பேரிடம் ஹெப்பாடிடிஸ் பி அதை மீறிவிடும் என்பது 1990களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. சிறுநீரகத்துக்காக டெனோஃபோவிரை மாற்ற வேண்டியிருந்தாலும், ஹெப்பாடிடிஸ் பி-யை அடக்கும் வேறொன்று அந்த இடத்துக்கு வர வேண்டும். டெனோஃபோவிரின் மற்றொரு வடிவமான அலாஃபெனமைடு பெரும்பாலும் அந்த இடத்தை நிரப்பும்.

இன்னொரு ஈரல் வைரஸான ஹெப்பாடிடிஸ் சி-யைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அதில் செய்தி நல்லது. 2013இன் இறுதியில் சோஃபோஸ்புவிர் வந்தது. அதிலிருந்து தொடங்கிய மருந்துகளால் 8 முதல் 12 வாரத்தில் நூற்றில் 95க்கு மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள், எச்.ஐ.வி. இருந்தாலும் அதே பலன்தான். அடக்கி வைப்பதல்ல, உண்மையான குணம். மறுபடி தொற்றினால் மறுபடி வரும், அவ்வளவே. குணமான பிறகும் ஆன்டிபாடி சோதனை வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவாகவே காட்டும். வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனைதான் கணக்கு. சிடி4 மிகவும் குறைவாக இருந்த காலத்தில் எடுத்த ஆன்டிபாடி சோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டியிருக்கலாம். இந்தச் சிகிச்சை தொடங்கும் முன்பும் ஹெப்பாடிடிஸ் பி சோதனை வேண்டும். சி விலகும்போது, மருந்தில்லாமல் இருக்கும் பி தலைதூக்குவதைப் பார்த்து 2016இலேயே எச்சரிக்கை கொடுத்தார்கள்.

இரண்டு வைரஸும் இல்லையென்றால், உங்கள் கணக்கில் என் சந்தேகம் கொழுப்புக் கல்லீரல்மேல்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது. ஒன்பது கிலோ எடை, எஸ்.ஜி.ஓ.டி.யைவிட எஸ்.ஜி.பி.டி. அதிகம், இரண்டும் அந்தப் பக்கம்தான் காட்டுகின்றன. மது முக்கியக் காரணமாக இருந்தால் பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி. முந்தி நிற்கும். அதற்காக மது இதில் இல்லை என்று அர்த்தமில்லை. வாரம் முழுக்கத் தொடாமல் இருந்து இரண்டு நாளில் நிறையக் குடிப்பதும் ஈரலுக்கு அடிதான். எடை கூடியது டோலுடெக்ராவிராலா என்று கேட்பீர்கள். அதற்கு மாறியவர்களுக்கு எடை கூடுவது உண்மை. ஆனால் மருந்தே எடையை ஏற்றுகிறதா, எடையை இறக்கி வைத்திருந்த எஃபாவிரன்ஸ் போன்ற பழைய மருந்து விலகியதால் ஏறுகிறதா என்பதில் துறைக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. எந்தப் பக்கம் உண்மையானாலும் வழி ஒன்றுதான். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரலின் கொழுப்பு இறங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும், தழும்பும் பின்வாங்கத் தொடங்கலாம். சர்க்கரையையும் கொழுப்பையும் சோதித்துப் பாருங்கள். ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சொன்னால் ஈரலுக்குப் பயந்து மறுக்காதீர்கள். கொழுப்புக் கல்லீரலில் அது பாதுகாப்பானது. எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்து 2023இல் வெளிவந்த ரிப்ரீவ் ஆய்வில் பிட்டாவஸ்டாட்டின் பெரிய இதய நிகழ்வுகளை 35 சதவீதம் குறைத்தது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் தொடங்கினால், டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றும், ஒரு நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்ப்பது வழக்கம் என்பதை நினைவூட்டுங்கள்.

வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். காசநோய் மருந்துகளில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே ஈரலைத் தொடும். தடுப்புக்காக ஐசோநியாசிட் மட்டும் சாப்பிடுபவருக்கும் இது பொருந்தும். உடற்பயிற்சிக்கூடத்தில் கொடுக்கும் பொடி, உடல் இளைக்க மூலிகை, "ஈரல் டானிக்" எதையும் விடாமல் எழுதுங்கள். எச்.ஐ.வி. மாத்திரையைக் குற்றம்சாட்டி வந்து, கடைசியில் மூலிகைப் பொடியில் போய் நின்ற கதைகள் என் அனுபவத்தில் நிறைய. டானிக்கில் இரும்பு, கால்சியம், துத்தநாகம் இருந்தால் வேறொரு தொல்லையும் உண்டு. அவை டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. டானிக்குக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எச்.ஐ.வி. மாத்திரை இருக்க வேண்டும்.

காரணத்தைத் தேடுவது ஒரு பக்கம், ஏற்கெனவே எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்று அளப்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் உங்கள் எதிர்காலத்தைச் சொல்லும். அதற்கு ஃபிப்-4 என்ற எளிய கணக்கு இருக்கிறது. இன்று பல வகை ஈரல் நோயாளிகளுக்கும் போடும் இந்தக் கணக்கு, 2006இல் எச்.ஐ.வி.யும் ஹெப்பாடிடிஸ் சி-யும் சேர்ந்து இருந்தவர்களை வைத்துத்தான் முதலில் உருவானது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 45 பெருக்கல் 48, 2,160. எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தைத் தட்டணு எண்ணால் பெருக்குங்கள். 81இன் வர்க்கமூலம் 9, தட்டணு 200 (ஆயிரத்தில்), பெருக்கினால் 1,800. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.2. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67ஐத் தாண்டினால் உடனே கவனிக்க வேண்டும். உங்களுடையது எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் எல்லைக்குப் பக்கத்தில். எச்.ஐ.வி. தானாகவே தட்டணுவைக் குறைக்கும் என்பதால் சிலருக்கு இந்தக் கணக்கு கூட்டிக் காட்டும். அதனால் நானாக இருந்தால் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் ஒருமுறை எடுக்கச் சொல்வேன். வலி கிடையாது, சில நிமிட வேலை. சிரோசிஸ் என்று தெரிந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்த்துப் புற்றுநோயைத் தேட வேண்டும். ஹெப்பாடிடிஸ் பி உள்ளவர்களில் சிலருக்குச் சிரோசிஸ் இல்லாமலும் அது வரும். ஈரல் மாற்று அறுவைக்கு எச்.ஐ.வி. இப்போது தடையில்லை.

கண் மஞ்சள், தேநீர் நிறத்தில் சிறுநீர், நிற்காத வாந்தி, வயிறு வீக்கம், கறுத்த மலம், பேச்சில் குழப்பம் இவற்றில் ஏதாவது வந்தால் இதெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கேயும் மாத்திரையை நிறுத்துவதா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கடைசியாக, ஈரல் மருத்துவரிடம் எச்.ஐ.வி.யைச் சொல்ல வேண்டுமா? சொல்லத் தயங்குவது ஏன் என்று எனக்குத் தெரியும். முகம் மாறியதைப் பார்த்தவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். இருந்தாலும் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தெரியாத மருத்துவர் ஹெப்பாடிடிஸ் பி-க்கு நல்லெண்ணத்தோடு என்டகாவிர் மட்டும் எழுதிக் கொடுக்கலாம். அந்த மருந்து எச்.ஐ.வி.யையும் அரைகுறையாகத் தொடும். வேறு எச்.ஐ.வி. மருந்து சாப்பிடாதவருக்கு, லாமிவுடினுக்கு அடங்காத எச்.ஐ.வி.யை அது உருவாக்கிவிடலாம் என்று 2007இல் கண்டுபிடித்தார்கள். நீங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு, எச்.ஐ.வி.யையும் மறைத்துப் போயிருந்தால் இதே நடந்திருக்கலாம். ஹெப்பாடிடிஸ் சி மருந்துகளில் சில எஃபாவிரன்ஸோடும் சில அட்டாசனாவிரோடும் சேரவே கூடாது. வாயால் சொல்லக் கஷ்டமாக இருந்தால், சாப்பிடும் மாத்திரையின் பெயரை எழுதிய சீட்டை மேசையில் வையுங்கள். அதைப் படித்தாலே அவருக்குப் புரியும். முதல் சோதனையாக ஹெப்பாடிடிஸ் பி-யை எழுதச் சொல்லுங்கள்.